பிழைத் திருத்தமும் நிரல் துப்புரவும்: குனு டீபக்கரில் எதை எப்போது செய்வது

குனு டீபக்கருக்கு, சுருக்கமாக ஜிடிபிக்கு, வயது நாற்பது ஆகிறது. மற்ற புரோகிராம்களின் ஓட்டத்துக்குள் பார்த்துப் பிழை தேட உதவும் இந்த நிரலை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதினார். இன்றைக்கும் லினக்ஸில் சி, சி++, ஃபோர்ட்ரான், அடா என எதில் எழுதிய புரோகிராம் விழுந்தாலும் பலருடைய கை முதலில் போவது இதனிடம்தான். இவ்வளவு வயதான நிரலில் இரண்டு வேலைகள் ஓயாமல் காத்துக் கிடக்கும். பயனர்கள் சொன்ன பிழைகளைத் திருத்துவது ஒன்று, பழைய நிரலைத் துப்புரவாக்குவது மற்றொன்று. பிழைக்கு ஒரு பட்டியல், துப்புரவுக்கு ஒரு பட்டியல், அவசரம் முதல் பட்டியலுக்கு, மிச்ச நேரம் இரண்டாவதற்கு என்று பல திட்டங்களில் ஓட்டிவிடுவார்கள். டீபக்கரில் அது எடுபடாது. எந்தத் துப்புரவு எந்த வகைப் பிழையை அடியோடு நிறுத்தும் என்று சேர்த்துப் பார்த்தால்தான் வேலைக்கு ஒரு வரிசை கிடைக்கும்.

காரணம், டீபக்கர் தன் தரவை மட்டும் வைத்து வேலை செய்வதில்லை. இன்னொரு புரோகிராமின் நினைவகத்தையும், செயலியின் சிறு சேமிப்பிடங்களான ரிஜிஸ்டர்களையும் படித்தபடியே இருக்கிறது. அந்தப் புரோகிராம் எந்த நொடியிலும் செத்துப்போகலாம், கேட்ட முகவரியைப் படிக்க முடியாமல் போகலாம், தொலைவில் ஜிடிபிக்காக ஓடும் ஜிடிபிசர்வர் என்ற துணை நிரலுடனான இணைப்பு அறுந்துபோகலாம். ஆகவே நிரலின் ஆழத்தில் இருக்கும் ஏறக்குறைய எந்தச் செயற்கூறும் பாதியில் பிழை எழுப்பி, கட்டளை வரி வரைக்கும் ஒரே தாவலாகத் திரும்பக்கூடும். இடையில் பத்துச் செயற்கூறுகள் அரைகுறையாக நிற்கும். அவை ஒதுக்கிய நினைவகம், மாற்றி வைத்த உலகளாவிய மாறிகள், தேர்ந்தெடுத்த திரெட் (புரோகிராமுக்குள் தனியே ஓடும் இழை) எல்லாவற்றையும் யார் பழைய நிலைக்குக் கொண்டுவருவது? ஜிடிபியின் துப்புரவு வேலைகளில் பெரும்பகுதி இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

கிளீனப் சங்கிலி

பழைய ஜிடிபி முழுக்க சி மொழியில் இருந்தது. பிழை எழுந்ததும் மேல் செயற்கூறுக்குத் தாவும் மொழி வசதியான எக்ஸெப்ஷன் சி-யில் கிடையாது. செட்ஜம்ப், லாங்ஜம்ப் என்ற இரண்டை வைத்துத் தாவலைச் சமாளித்தார்கள். நடுவில் நிற்பவற்றைச் சுத்தம் செய்ய ஒரு சங்கிலி இருந்தது. நினைவகம் ஒதுக்கியதும் மேக்_கிளீனப் என்று அழைத்து, விடுவிக்க வேண்டிய செயற்கூறையும் அதற்கான சுட்டியையும் சங்கிலியில் பதிய வேண்டும். சங்கிலியின் முந்தைய நுனி திரும்பி வரும். அதை ஓல்ட்_செயின் என்ற மாறியில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் டூ_கிளீனப்ஸ் என்று அழைத்தால் பதிந்தவை தலைகீழ் வரிசையில் ஓடும். நடுவில் பிழை எழுந்தாலும் அதே சங்கிலிதான் ஓடும்.

வேலை செய்தது, ஆனால் மனிதர் மறக்கக்கூடிய ஒன்றை நம்பி நின்றது. செயற்கூறின் நடுவில் யாரோ ஒரு புதிய ரிட்டர்ன் சேர்த்து, அதற்கு முன் டூ_கிளீனப்ஸ் போட மறந்துவிட்டால், அந்தச் செயற்கூறின் ஸ்டாக்கில் (அழைப்பு முடிந்ததும் விடுபடும் நினைவகப் பகுதியில்) இருந்த மாறியின் முகவரி சங்கிலியிலேயே தங்கிவிடும். பிறகு சம்பந்தமே இல்லாத ஒரு கட்டளை சங்கிலியை ஓட்டும்போது, செத்துப்போன ஸ்டாக் இடத்தில் போய் எழுதும். விழும் இடம் ஒன்று, பிழை இருக்கும் இடம் வேறு. இதைப் பிடிக்க ஜிசிசி கம்பைலரின் பைத்தான் பிளகின் மூலம் ஓடும் தனிச் சோதனை ஸ்கிரிப்டையே எழுதி கான்ட்ரிப் அடைவில் வைத்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட பிழை ஒவ்வொன்றுக்கும் திருத்தம் ஒரே வரிதான். அந்த ஒரு வரியைப் போட்டுப் பிழை அறிக்கையை மூடிவிடலாம், மூடியும் வந்தார்கள். அடுத்த மாதம் இன்னொரு செயற்கூறில் அதே பிழை முளைக்கும். இத்தகைய இடங்களில்தான் துப்புரவே உண்மையான திருத்தம். 2016-இல் வந்த 7.12 பதிப்பு இயல்பாகவே சி++ கம்பைலரில் கட்டப்பட்டது; 2017-இல் வந்த 8.0 பதிப்பு சி++11 இல்லாமல் கட்டவே முடியாது என்றானது. அதன்பின் சங்கிலிப் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த வேலையை டிஸ்ட்ரக்டர்களிடம், அதாவது ஒரு பொருளின் ஆயுள் முடியும்போது தானாக ஓடும் செயற்கூறுகளிடம், கொடுத்தார்கள். ஒதுக்கிய நினைவகத்துக்கு யுனிக் சுட்டி, தற்காலிகமாக மாற்றிய மாறிக்கு ஸ்கோப்ட்_ரீஸ்டோர், தேர்ந்தெடுத்த திரெட்டைத் திருப்பி வைக்க அதற்கென ஒரு வகுப்பு. ஸ்கோப், அதாவது மாறி வாழும் நிரல் பகுதி, முடிந்தால் டிஸ்ட்ரக்டர் ஓடியே தீரும், மறக்க இடமில்லை.

கேட்க எளிதாக இருக்கிறது, செய்யும்போது மூன்று இடங்களில் கால் இடறும். முதலாவது வரிசை. டிஸ்ட்ரக்டர்கள் மாறிகளை அறிவித்த வரிசைக்குத் தலைகீழாக, ஸ்கோப்பின் கடைசியில் ஓடும். பழைய நிரலோ செயற்கூறின் நடுவிலேயே டூ_கிளீனப்ஸ் அழைத்து, அதற்குப் பின்னும் வேலையைத் தொடர்ந்திருக்கும். அதைக் கவனிக்காமல் மாற்றினால், ஒரு மாறியின் பழைய மதிப்பு முன்பைவிடப் பத்து வரி தாமதமாகத் திரும்பும். அந்தப் பத்து வரிகளில் ஒன்று அந்த மாறியைப் படித்தால் புதுப் பிழை தயார். அத்தகைய இடத்தில் உள்ளே ஒரு தனி அடைப்புக்குறித் தொகுதி போட்டு ஸ்கோப்பைக் குறுக்க வேண்டும்.

இரண்டாவது, டிஸ்ட்ரக்டரிலிருந்து எக்ஸெப்ஷன் வெளியேறக் கூடாது. வெளியேறினால் சி++ விதிப்படி புரோகிராம் அங்கேயே முடிந்துவிடும். பழைய திரெட்டையும் ஃப்ரேமையும் (ஒரு செயற்கூறு அழைப்புக்கான ஸ்டாக் பகுதி) திருப்பி வைப்பது பார்வைக்கு அப்பாவி வேலை. ஆனால் அதற்கு ரிஜிஸ்டரைப் படிக்க நேரலாம், அதற்குள் டீபக் ஆகிற புரோகிராம் செத்திருக்கலாம். படிப்பு தோற்றுப் பிழை எழும், ஜிடிபியே விழும். ஆகவே அந்த டிஸ்ட்ரக்டருக்குள்ளேயே பிழையைப் பிடித்து விழுங்க வேண்டும்.

மூன்றாவது ரீட்லைன். கட்டளை வரியைக் கவனிக்கும் ரீட்லைன் ஒரு சி நூலகம். விசை அழுத்தம் வந்ததும் ஜிடிபி ரீட்லைனை அழைக்கும், ரீட்லைன் திரும்ப ஜிடிபியின் செயற்கூறை அழைக்கும். அந்த உள் செயற்கூறு எழுப்பும் சி++ எக்ஸெப்ஷன் ரீட்லைனைக் கடந்து வெளியே வர வேண்டியிருக்கிறது. எக்ஸ்86-64 லினக்ஸில் சி நிரலுக்கும், எக்ஸெப்ஷன் கடந்து செல்லத் தேவையான அன்வைண்ட் தகவல் சேர்ந்தே வருவதால் எதுவும் தப்பாகத் தெரியாது. அந்தத் தகவல் இல்லாத அமைப்பில் ஜிடிபி அந்த நொடியே முடிந்துவிடும். ரீட்லைனுக்குள் நுழையும் முன் எக்ஸெப்ஷனைப் பிடித்து ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, ரீட்லைன் ஒழுங்காகத் திரும்பிய பிறகு மறுபடி எழுப்புவதுதான் இதற்கு வழி. சோதிப்பவரின் கணினியில் எல்லாம் சரியாக ஓடி, வேறொரு அமைப்பில் மட்டும் விழும் பிழைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

காலாவதியான ஃப்ரேம்

இன்னொரு பிழைக் குடும்பத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற பட்டியலான பேக்டிரேஸைக் காட்டும்போது ஜிடிபி ஒவ்வொரு ஸ்டாக் ஃப்ரேமுக்கும் ஒரு தகவல் தொகுப்பை உருவாக்கி கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்திருக்கும். டீபக் ஆகிற புரோகிராம் ஒரு அடி நகர்ந்தாலும் அந்த கேஷ் செல்லாது, மொத்தமாக அழித்துவிடுவார்கள். சிக்கல் எங்கே என்றால், பேக்டிரேஸ் பாதியில் இருக்கும்போதே புரோகிராம் நகரக்கூடும். ஒரு செயற்கூறின் ஆர்கியுமென்டை அழகாக அச்சிட பைத்தானில் பிரிட்டி பிரிண்டர் எழுதியிருக்கிறார் பயனர். அது டீபக் ஆகிற புரோகிராமில் உள்ள ஒரு செயற்கூறை அழைத்து நீளத்தைக் கேட்கிறது. அந்த அழைப்புக்காகப் புரோகிராம் சற்று ஓடி நிற்கிறது, கேஷ் அழிகிறது. ஃப்ரேமை அச்சிட்டுக்கொண்டிருந்த மேல் செயற்கூறின் கையில் இருப்பது விடுவிக்கப்பட்ட நினைவகத்தின் முகவரி. பெரும்பாலும் அங்கே பழைய பைட்டுகள் அப்படியே கிடப்பதால் எதுவும் ஆகாது. கிடக்காத நாளில் குப்பை அச்சாகும், அல்லது ஜிடிபி விழும்.

தனித்தனியாகத் திருத்தும் முறை இது: அழைப்புக்கு முன் ஃப்ரேமின் அடையாளத்தை எடுத்து வைத்துக்கொள்வது, அழைப்பு முடிந்ததும் அந்த அடையாளத்தைக் கொண்டு ஃப்ரேமை மறுபடி தேடி எடுப்பது. இத்தகைய ஒட்டு பல இடங்களில் விழுந்தது. 2022-இல் வேறு வழியில் இறங்கினார்கள். வெறும் சுட்டிக்குப் பதில் ஃப்ரேம்_இன்ஃபோ_பிடிஆர் என்றொரு வகுப்பு வந்தது. 2023 தொடக்கத்தில் வெளியான 13-ஆம் பதிப்பில் அது இருக்கிறது. இந்த வகுப்பின் பொருள்கள் அனைத்தும் ஒரு பட்டியலில் பதிவாகியிருக்கும். கேஷ் அழியும்போது அத்தனையும் செல்லாதவையாகக் குறிக்கப்படும். முதல் கட்டத்தின் பயன் அவ்வளவுதான்: குப்பையைப் படிப்பதற்குப் பதில், தவறான பயன்பாடு உடனே, அதே இடத்தில் வெளிப்படும். அடுத்த கட்டத்தில்தான் ஃப்ரேம் அடையாளத்தை உள்ளேயே வைத்திருந்து தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் திறன் வந்தது.

திட்டமிடுகிறவர் கவனிக்க வேண்டியது இந்தக் கட்டப் பிரிப்பைத்தான். நூற்றுக்கணக்கான செயற்கூறுகளின் கையொப்பத்தை (ஆர்கியுமென்ட், விடை வகைகளை) மாற்றும் பேட்ச், அதாவது மாற்றத் தொகுப்பு, இயந்திரத்தனமானது. நடத்தையில் எந்த மாற்றமும் கூடாது. மீட்டுக்கொள்ளும் திறனைச் சேர்க்கும் பேட்ச் சிறியது, ஆனால் நடத்தையை மாற்றுகிறது. இரண்டையும் ஒரே கமிட்டில் (கிட் களஞ்சியத்தில் ஒன்றாகப் பதியும் மாற்றத்தில்) கலந்தால் மதிப்பாய்வு செய்பவர் முக்கியமான இருபது வரியை ஆயிரம் வரிக்குள் தேட வேண்டும். நாளை கிட் பைசெக்ட் வைத்துப் பிழையின் மூலத்தைத் தேடுபவருக்கும் அந்தப் பெரிய கமிட்தான் பதிலாக வரும். அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

கம்பைலரையே வேலை வாங்குவது

ஜிடிபியில் ஒரு தரவு வகையின் குறியீட்டை அறிய டைப்_கோட் என்ற மேக்ரோ, அதாவது கம்பைலுக்கு முன் நிரலில் அப்படியே விரியும் சுருக்கம், இருந்தது. மேக்ரோ என்பதால் அதைப் படிக்கவும் செய்யலாம், சமக்குறிக்கு இடப்பக்கம் வைத்து மதிப்பை மாற்றவும் செய்யலாம். யார் எங்கே மாற்றுகிறார்கள் என்று தேடிக் கண்டுபிடிப்பது கடினம், பிரேக்பாயின்ட் (ஓட்டத்தை நிறுத்தும் இடம்) வைக்கவும் முடியாது. 2020-இல் இதையும் இதைப்போன்ற மேக்ரோக்களையும் வகுப்பின் மெத்தடுகளாக (வகுப்புக்குள் இருக்கும் செயற்கூறுகளாக) மாற்றத் தொடங்கினார்கள். நடைமுறை நாலு படி. முதலில் படிக்க ஒன்று, மாற்ற ஒன்று என இரண்டு மெத்தடுகளைச் சேர்த்து, மதிப்பை மாற்றும் இடங்களை எல்லாம் புதிய மெத்தடுக்குக் கொண்டுபோவது. பிறகு மேக்ரோ உள்ளுக்குள் படிக்கும் மெத்தடை அழைக்குமாறு செய்வது. இப்போது இடப்பக்கப் பயன்பாடு ஏதேனும் விடுபட்டிருந்தால் கம்பைல் ஆகாது. மூன்றாவதாக எல்லாக் கோப்புகளிலும் மேக்ரோவை மெத்தடாக மாற்றுவது. கடைசியில் மேக்ரோவை நீக்குவது. வகுப்பின் உள்ளிருக்கும் புலத்துக்கும் புதுப்பெயர் வைத்துவிட்டால், அதை நேரடியாகத் தொடும் இடங்களையும் கம்பைலர் காட்டிக்கொடுக்கும்.

இந்த உழைப்புக்கு என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு ஒரு ஸ்ட்ரக்சர் புலத்தின் இருப்பிடத்தைக் காட்டலாம். அது ஒரு யூனியன். பிட் நிலை, enum வகையின் மதிப்பு, முகவரி, டுவார்ஃப் என்ற டீபக் தகவல் வடிவத்தின் கோவை ஆகிய பலவும் ஒரே இடத்தைப் பகிர்கின்றன. எது உள்ளது என்று ஒரு தனிக் குறி சொல்லும். மேக்ரோக் காலத்தில் டுவார்ஃப் கோவையின் சுட்டி இருக்கும்போது பிட் நிலையைக் கேட்டால், அந்தச் சுட்டியின் எண்ணே விடையாக வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. மெத்தடாக மாறியபின் குறியைச் சரிபார்க்கும் அஸர்ட் ஒன்றை உள்ளே வைக்க முடிந்தது. தவறான கேள்விக்கு இனி உள்பிழை என்று உரக்கச் செய்தி வரும். பயனருக்குத் தப்பான மதிப்பைச் சத்தமில்லாமல் காட்டும் டீபக்கரைவிட, நின்று கத்தும் டீபக்கர் எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இதன் விலையையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்: அஸர்ட் வைத்தபின் அதுவரை மறைந்திருந்த பிழைகள் அறிக்கைகளாக வந்து சேரும். ரிலீஸுக்கு ஒரு வாரம் முன்பு அஸர்ட் வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

கம்பைலரை நம்பும் வேலைக்கு ஒரு நிபந்தனை உண்டு: எல்லாக் கோப்பும் கம்பைல் ஆக வேண்டும். சாதாரணமாகக் கட்டினால் உங்கள் கணினியின் கட்டமைப்புக்கு வேண்டிய கோப்புகள் மட்டுமே சேரும். எனேபிள்-டார்கெட்ஸ் விருப்பத்துக்கு ஆல் என்று கொடுத்து கான்ஃபிகர் செய்தால்தான் ஆர்ம், பவர்பிசி, எஸ்390, ரிஸ்க்-வி என மற்றவற்றின் டிடெப் (கட்டமைப்பு சார்ந்த) கோப்புகளும் கட்டப்படும். அதுவும் போதாது. நாட் என்று பெயர் முடியும் கோப்புகள் அந்தந்த இயங்குதளத்தில் மட்டுமே கம்பைல் ஆகும்: ஃப்ரீபிஎஸ்டி, சோலாரிஸ், ஏஐஎக்ஸ், விண்டோஸ். விண்டோஸுக்கு மிங்டபிள்யூ கிராஸ் கம்பைலர் வைத்து லினக்ஸிலேயே பார்த்துவிடலாம். மற்றவற்றுக்குப் பெயரைத் தேடி, கண்ணால் படித்து மாற்றுவதைத் தவிர வழியில்லை. இயந்திரத்தனமான துப்புரவு உடைக்கும் கட்டுமானங்களில் இவையே வழக்கமாக முதலில் அடிபடும்.

சோதனை: முன்னும் பின்னும்

துப்புரவு எதையும் மாற்றவில்லை என்று எப்படிச் சொல்வது? ஜிடிபியின் சோதனைத் தொகுப்பு டெஜாக்னு என்ற சோதனைச் சட்டகத்தில், டிசிஎல் மொழியில் எழுதியது. கை வைப்பதற்கு முன் மாற்றமில்லாத நிரலில் மேக் செக் ஓட்டி, முடிவுகள் இருக்கும் ஜிடிபி.சம் கோப்பைப் பத்திரப்படுத்த வேண்டும். மாற்றிய பிறகு மறுபடி ஓட்டி இரண்டையும் ஒப்பிட வேண்டும். சுத்தமான நிரலிலேயே சில சோதனைகள் தோற்கும். ஆகவே 'எத்தனை தோற்றது' என்பதைவிட 'எது புதிதாகத் தோற்றது' என்பதே கேள்வி. பாஸ் எண்ணிக்கை குறைந்திருந்தால் அதையும் விடக்கூடாது. ஒரு சோதனைக் கோப்பு பாதியில் நின்றுபோனால் தோல்வி எண்ணிக்கை ஏறாமலே பாஸ்கள் மறைந்துவிடும்.

ஒரே ஓட்டத்தை நம்பவும் முடியாது. திரெட் சம்பந்தப்பட்ட சோதனைகள் கணினியின் சுமையைப் பொறுத்து ஒரு முறை தேறும், ஒரு முறை தோற்கும். இன்னொரு வகைத் தடுமாற்றம் சோதனையின் எழுத்திலேயே இருக்கிறது. எதிர்பார்க்கும் வடிவத்தின் கடைசியில், கட்டளை கேட்கும் குறியான ஜிடிபியின் பிராம்ப்ட்டைச் சேர்க்காமல் விட்டால், வெளியீட்டைப் படித்துப் பொருத்தும் எக்ஸ்பெக்ட் நிரல் பாதி வெளியீட்டிலேயே பொருத்தம் கண்டு நகர்ந்துவிடும். மிச்சமான பிராம்ப்ட் இடையகத்தில் கிடக்கும், அடுத்த சோதனை அதைத் தன் விடை என்று எடுத்துக்கொள்ளும். இதை வெளிக்கொணர மேக் செக்-ரீட்1 இருக்கிறது. எக்ஸ்பெக்ட் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பைட் மட்டும் கிடைக்குமாறு செய்யும் சிறு நூலகத்தை அது முன்னதாக ஏற்றும். மெத்தனமாக எழுதிய சோதனைகள் அங்கே அகப்பட்டுவிடும். சோதனையைத் திருத்துவதும் தனி கமிட்டாக, நிரல் மாற்றத்துக்கு முன்பே போக வேண்டும். அப்போதுதான் முன்பின் ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு.

ஃப்ரேம், திரெட், பிரேக்பாயின்ட் எதைத் தொட்டாலும் நேட்டிவ்-ஜிடிபிசர்வர் போர்டு கோப்புடன் (சோதனைச் சூழலை வரையறுக்கும் கோப்பு) ஒரு முறை, நேட்டிவ்-எக்ஸ்டெண்டட்-ஜிடிபிசர்வர் போர்டுடன் ஒரு முறை ஓட்டுவது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். இயங்குதளத்தின் பிட்ரேஸ் வசதி மூலம் நேரடியாக வேலை செய்யும் பாதையும் தொலைப் புரோட்டகால் பாதையும் வேறு வேறு. முதலாவதில் பச்சை காட்டும் மாற்றம் இரண்டாவதில் உடைவது சர்வ சாதாரணம். நினைவகம் சார்ந்த துப்புரவு என்றால் தவறான நினைவகப் பயன்பாட்டைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் வைத்துக் கட்டிய ஜிடிபியில் ஓட்டுங்கள். காலாவதியான ஃப்ரேம் போன்ற பிழை குப்பை அச்சிடும் வரை காத்திருக்காமல் முதல் தொடுதலிலேயே பிடிபடும்.

வரிசையும் காலமும்

ஒரு பிழையைத் திருத்தப்போய் அந்தக் கோப்பில் நிறையக் குப்பை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்ச் தொடரின் வரிசையைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: இந்தத் திருத்தம் வெளியீட்டுக் கிளைக்கும் போக வேண்டுமா? போக வேண்டும் என்றால் திருத்தம் முதலில், எவ்வளவு சிறிதாக முடியுமோ அவ்வளவு சிறிதாக, இருக்கிற அசிங்கத்தோடேயே. துப்புரவு அதன் பின். தலைகீழாகச் செய்தால், கிளையில் செர்ரி-பிக் செய்யும்போது (அந்த ஒரு கமிட்டை மட்டும் அங்கே நகலெடுக்கும்போது) துப்புரவு இல்லாத பழைய நிரலில் திருத்தம் ஒட்டாது. கையால் மறுபடி எழுத வேண்டும், அதை மறுபடி சோதிக்க வேண்டும். கிளைக்குப் போக வேண்டாத திருத்தம் என்றால் வழி நேர்மாறு. திருத்தத்தை எளிதாக்கும் ஆயத்தத் துப்புரவுகள் முதலில், கடைசியில் சிறிய திருத்தம், அதனுடன் அதற்கான சோதனை.

வெளியீட்டுச் சுழற்சியைக் கையில் வைத்துத்தான் பெரிய துப்புரவுக்கு நாள் குறிக்க முடியும். கிளை பிரிந்ததும் முதன்மைக் கிளையின் பதிப்பெண் 15.0.50 போல மாறும், கிளையிலிருந்து 14.0.90 போன்ற முன்வெளியீடும், பிறகு 14.1-உம், திருத்த வெளியீடாக 14.2-உம் வரும். கிளை பிரிந்து 14.1 வெளியாகும் வரை திருத்தங்கள் இரு பக்கமும் தொடர்ந்து போகும். அந்த வாரங்களில் முதன்மைக் கிளையில் ஆயிரம் வரிப் பெயர்மாற்றம் நுழைந்தால் ஒவ்வொரு செர்ரி-பிக்கும் மோதும். 14.1 வெளியான பிறகு அடுத்த கிளை பிரிவதற்குச் சில மாதம் முன்பு வரைதான் பெரிய துப்புரவுக்கு நல்ல காலம். 14.1-க்குப் பின் கிளையில் ஏதாவது சேர்க்க வேண்டுமானால் அதற்குப் பிழைப் பதிவுத் தளமான பக்சில்லாவில் பதிவும் இலக்குப் பதிப்பும் இருக்க வேண்டும். வெளியீட்டு அறிவிப்பில் எதெல்லாம் சரியானது என்று பட்டியலிடுவது அதை வைத்துத்தான்.

மோதலைக் குறைக்க நடைமுறையையே துப்புரவு செய்ததும் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சேஞ்ச்லாக் கோப்பின் தலையில் ஒரு குறிப்பு எழுதுவது குனு திட்டங்களின் பழைய வழக்கம். எல்லாருடைய பேட்ச்சும் ஒரே கோப்பின் முதல் வரியைத் தொட்டால் ரீபேஸ் (பேட்ச்சைப் புதிய நிரல் மேல் மறுபடி பொருத்துவது) தோறும் மோதல் நிச்சயம். 2021-இல் ஜிடிபி அதைக் கைவிட்டது. விளக்கமெல்லாம் இப்போது கமிட் செய்தியில். ஆகவே அந்தச் செய்தி மூன்றைச் சொல்லியாக வேண்டும்: எந்தக் கட்டளைக்கு என்ன தவறாக வந்தது, எதனால் வந்தது, மாற்றம் அதை எப்படிச் சரிசெய்கிறது. துப்புரவு கமிட் என்றால், பயனருக்குத் தெரியும் மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது என்ற ஒரு வரி அவசியம். பின்னால் மாற்றம் தெரிந்தால் அது பிழை என்று யாரும் தயங்காமல் முடிவு செய்யலாம்.

சின்னஞ்சிறு மாற்றத்துக்கு அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. மெயின்டெய்னர்ஸ் கோப்பில் வெளிப்படையான திருத்தங்களுக்கு ஒரு விதி உண்டு: உங்கள் வேலையை மிகவும் வெறுப்பவராலும் இந்த மாற்றத்தில் குறை காண முடியுமா என்று கேட்டுப்பாருங்கள், முடியும் என்றால் அது வெளிப்படையானதல்ல, முதலில் மதிப்பாய்வுக்கு அனுப்புங்கள். எழுத்துப்பிழை, கம்பைல் உடைந்த இடம் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். மாறியின் வகையை இன்ட்டிலிருந்து (முழு எண்) பூலுக்கு (ஆம்/இல்லை) மாற்றுவதற்கு நான் இதைப் பயன்படுத்தச் சொல்லமாட்டேன். அந்த இன்ட்டில் எங்கோ ஓர் இடத்தில் மைனஸ் ஒன்று 'இன்னும் தெரியாது' என்ற பொருளில் உட்கார்ந்திருக்கக்கூடும். பூலாக மாறினால் அது 'ஆம்' ஆகிவிடும்.

தொடக் கூடாதவையும் உண்டு. பிற கருவிகளுக்கான இடைமுகமான எம்ஐ தரும் வெளியீட்டின் வடிவத்தை எடிட்டர்களும் ஐடிஇ-களும் எந்திரமாகப் படிக்கின்றன. அழகுக்காக ஒரு புலத்தின் பெயரை மாற்றினாலும் வேறொருவரின் கருவி உடையும். 2009-இல் 7.0 பதிப்பில் வந்த பைத்தான் இடைமுகமும் அப்படியே: பழைய பெயரை விட்டுவைத்துப் புதியதைச் சேர்க்கலாம், கையேட்டிலும் நியூஸ் கோப்பிலும் எழுதலாம், பழையதைச் சட்டென்று எடுக்கக் கூடாது. ரீட்லைன், லிபைபர்ட்டி, ஜினுலிப் அடைவுகள் வெளியிலிருந்து கொண்டுவந்தவை. அங்கே செய்யும் துப்புரவு அடுத்த இறக்குமதியில் காணாமல் போகும். லிபைபர்ட்டிக்கு மாற்றம் வேண்டுமானால் அதன் மூலம் ஜிசிசி-யில் இருக்கிறது, பேட்ச் அங்கேதான் போக வேண்டும்.